லின் மாஸ்டர் நீட்டிய சிகரெட்

போன வாரம் கவிதா போன் செய்தாள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் அவள். விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் இப்போது அவள்தான் சூப்பர்வைசர்.

"மேரிக்கா, புது மிஷின் மாட்ட சைனாக்காரங்க ரெண்டு பேரு வந்திருக்காங்க. நம்ம ஆளுங்களுக்கெல்லாம் சிகரெட்டு நீட்டறாங்க. எலெக்ட்ரீசியன் இருக்கான் பாருங்க, 'எனக்கு வேணாம், கேன்சர் வரும்'னு மூஞ்சிக்கு நேரா கைய ஆட்டிட்டான். அதுலேருந்து அவங்க ரெண்டு பேரும் உம்முனு இருக்காங்க. என்னா பண்றதுக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம். "சிரிக்காதீங்கக்கா. நீங்க லின் மாஸ்டர்கிட்ட வேலை பாத்தவங்க. என்னா செய்யணும்னு எழுதிக் குடுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன்" என்றாள். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்காக உட்கார்ந்தேன். அது இப்படி நீண்டுகொண்டே போகிறது. படிக்கப் பொறுமை இருப்பவர்கள் படிக்கட்டும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சிகரெட்டுக்கு நான் வக்கீல் இல்லை. எங்கள் வீட்டுக்காரரைப் பீடியிலிருந்து பிடுங்கி எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்படிப்பட்ட நான், சிகரெட்டை எந்தக் கையால் நீட்ட வேண்டும், எப்படி வாங்க வேண்டும் என்று ஆம்பளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டி வந்தது. மாதா கோயிலில் என்னோடு பாட்டுப் பாடுகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்தால் தெரியட்டும்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு கம்பெனியில் சேர்ந்தேன். அச்சிலிருந்து வந்த கோப்பையைத் துடைப்பது, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி எடுப்பது, அடிப்பக்கத்தை ஈரப் பஞ்சால் ஒற்றுவது என்று சில வருஷம். பிறகு முக்குகிறவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பிறகு சூளையிலிருந்து வெளியே வரும் சரக்கைப் பார்க்கிற வேலை. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. முதுகு வலிக்கும், விரலிடுக்கில் வெள்ளை படியும், சம்பளம் வரும், அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது எங்கள் மேனேஜர் சந்தானம் சாரைப் பற்றி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். தப்பு நடந்த இடத்தில் வந்து நிற்பார். பேச மாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து மாட்டுவதற்குள் தப்பு செய்தவன் தானாக எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவான். அவர் வருகிறார் என்றால் பீடி குடித்துக்கொண்டிருக்கிறவர்கள் அணைக்கக்கூட நேரமில்லாமல் உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்வார்கள். சூடு பொறுக்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பார்கள். அவருக்கும் தெரியும். வேண்டுமென்றே நின்று, "மழை வருமாய்யா?" என்று கேட்பார். மனிதருக்கு அந்தக் குசும்பு உண்டு.

சைனாக்காரர்கள் சிகரெட்டை நான் முதலில் பார்த்தது சந்தானம் சார் மேசையில்தான். கிளேஸ் பவுடர் விற்க சைனாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சாம்பிள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு நானும் அறைக்குள் போயிருந்தேன். பேச்சு நன்றாகத்தான் போயிற்று. பாதியில் அந்த ஆள் பாக்கெட்டைத் திறந்து ஒரு சிகரெட்டை எடுத்து, மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சார் பக்கமாகத் தூக்கிப் போட்டார். அது உருண்டு போய் சாரின் பேனாவில் இடித்து நின்றது.

சார் முகம் மாறவில்லை. அந்தச் சிகரெட்டை எடுத்தார். பஞ்சுப் பக்கம் கீழே இருக்கும்படி மேசை மேல் நட்டுக்குத்தலாக நிறுத்தி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு அந்த ஆள் கேட்ட கேள்விக்கெல்லாம் "பார்ப்போம்" என்ற ஒரே பதில்தான். அந்த ஆள் போன பிறகு சார் என்னிடம், "நாய்க்கு பிஸ்கட் போடற மாதிரி போடறான் மேரி" என்றார். அப்போது எனக்கும் அப்படித்தான் பட்டது. இங்கே வெற்றிலையைக்கூட யாரும் தூக்கிப் போட மாட்டோம். அவர்கள் ஊரில் நெருங்கிய சிநேகிதனுக்குத்தான் அப்படித் தூக்கிப் போடுவார்கள், ரொம்ப நாள் பழகியவர் மாதிரி ஆகிவிட்டோம் என்று அந்த ஆள் சொல்ல வந்திருக்கிறார் என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த கிளேஸ் பவுடர் நல்ல பவுடர். கடைசி வரை எங்களுக்கு வரவே இல்லை.

பிறகு லின் மாஸ்டர் வந்தார். எண்ணெயில் எரிகிற பழைய சூளையை நிறுத்திவிட்டு, கேஸில் எரிகிற புதுச் சூளை ஒன்றைக் கம்பெனி இறக்கியிருந்தது. அதைப் பொருத்தி, எரித்துக் காட்டி, எங்கள் ஆள் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவதற்காக வந்தவர் அவர். குள்ளமாக, ஐம்பது வயசுக்கு மேல், மேல்சட்டைப் பை இரண்டும் புடைத்துக்கொண்டு இருப்பார். ஒரு பையில் சிகரெட் பாக்கெட். இன்னொரு பையில் மிட்டாய். சிகரெட் ஆம்பளைகளுக்கு, மிட்டாய் எனக்கு. பால் வாசனை அடிக்கும் வெள்ளை மிட்டாய். தினமும் ஒன்று கொடுப்பார், நானும் தினமும் வாயில் போட்டுக்கொள்வேன்.

அவருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் வராது. கூட வந்த சென்னை ஏஜெண்ட் இரண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது சந்தானம் சார் என்னைக் கூப்பிட்டு, "மேரி, இவரை நீ பாத்துக்க" என்றார். பார்த்துக்கொள் என்றால் சாப்பாடு, தங்குமிடம், கோபம், தாபம் எல்லாம்தான். பேசுவதற்குப் போன் இருந்தது. அவர் பேசினால் அது தமிழில் சொல்லும், நான் பேசினால் அது சைனா பாஷையில் சொல்லும். அது சொல்லும் தமிழைக் கேட்டால் கோர்ட்டில் நிற்கிற மாதிரி இருக்கும்.

சூளைக் கொட்டகைக்குள் கேஸ் இருப்பதால் நெருப்புக் குச்சி கிழிக்கக் கூடாது. புகை பிடிக்க அனுமதித்த ஒரே இடம் கேட்டை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டு. தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் லின் மாஸ்டர் அங்கே வந்துவிடுவார். நான் பக்கத்தில் நின்று மிட்டாயை மென்றுகொண்டே அவர் செய்வதைப் பார்ப்பேன். அவர் ஒருநாளும் தனக்கு முதலில் எடுத்துக்கொண்டதில்லை. பாக்கெட்டை உதறி ஒரு சிகரெட்டின் தலை வெளியே தெரியும்படி செய்து, அங்கே இருப்பவர்களில் வயசில் மூத்தவருக்கு நீட்டுவார். அடுத்து அடுத்தவருக்கு. கேட்டில் நிற்கிற வாட்ச்மேனையும் கூப்பிடுவார், தண்ணீர் கேன் போட வந்தவரையும் விட மாட்டார். ஒருவரைத் தாண்டிப் போனால் அவரை மனுஷனாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணம் நீட்டுகிறவர் ஒருத்தரை மட்டும் விட்டுவிட்டால் அந்த மனிதர் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்ட மாட்டாரா, அது மாதிரிதான்.

பற்ற வைப்பதிலும் முறை உண்டு. லைட்டரைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அவர் குனிவார். பற்ற வைத்துக்கொண்டவர் அவர் கைமேல் விரலால் லேசாகத் தட்ட வேண்டும். அதுதான் நன்றி. குடிக்காதவர் வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லக் கூடாது, வாங்கிக் காதில் செருகிக்கொண்டால் போதும். பதிலுக்கு நாமும் ஒருநாள் நீட்ட வேண்டும். நீட்டின சிகரெட்டைத் திரும்பப் பாக்கெட்டுக்குள் போட வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

அப்படித் திரும்பப் போட வைத்தவன் செல்வராசு.

செல்வராசு பழைய சூளையை ஓட்டியவன். எனக்குத் தம்பி வயசு, அவன் என்று எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டான். புதுச் சூளைக்கும் அவன்தான் என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. அவனுடைய மாமனார் கலியமூர்த்தி அண்ணன் அதே கம்பெனியில் மண் கலக்கும் இடத்துக்குத் தலைவர். சூளைக்காரன், நெருப்பு அவன் பேச்சைக் கேட்கும் என்று ஊரெல்லாம் பெருமை பேசித்தான் பெண்ணைக் கொடுத்தார். மாமனாரும் மருமகனும் ஒரே கேட்டில் நுழைந்தாலும் ஒன்றாக நுழைய மாட்டார்கள். பாதையில் மாமனார் நடந்து வந்தால் செல்வராசு சைக்கிளை விட்டு இறங்கிவிடுவான். அவன் பீடி குடிப்பது கம்பெனிக்கே தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அவர் கண்ணால் பார்த்தது கிடையாது. பார்க்கும்படி அவன் வைத்துக்கொண்டதும் கிடையாது.

முதல் நாள் காலை. சைக்கிள் ஸ்டாண்டில் எல்லாரும் நிற்கிறோம். லின் மாஸ்டர் முதலில் சந்தானம் சாருக்கு நீட்டினார். சாருக்குப் பழைய ஞாபகம், ஆனாலும் நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்து சிரித்தார். அது சரியாகப் போயிற்று. அடுத்து கலியமூர்த்தி அண்ணன். அவர் வாங்கி, பென்சில் செருகுகிற மாதிரி காதில் செருகிக்கொண்டார். லின் மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். அடுத்து செல்வராசு.

பக்கத்தில் மாமனார். நேர் எதிரே மேனேஜர். செல்வராசு ரெண்டு கையையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்விட்டான். ஒரு அடி பின்வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டான். லின் மாஸ்டரின் கை அப்படியே நீட்டியபடி நின்றது. போன் ஏதோ சொல்லப் பார்த்தது, அவர் அதை அணைத்தார். சிகரெட்டைத் திரும்பப் பாக்கெட்டுக்குள் தள்ளினார்.

எங்கள் ஆள்கள் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. மாமனார் எதிரில் சிகரெட் வாங்குவானா மருமகன்? வாங்கியிருந்தால்தான் அன்றைக்கு ஊரே பேசியிருக்கும். கலியமூர்த்தி அண்ணன் மீசைக்குள் சிரித்துக்கொண்டு போனார்.

லின் மாஸ்டர் சொல்லிக் கொடுக்கும் விதம் தனி. வாயால் விளக்க முடியாது என்பதால், கற்றுக்கொள்கிறவர் கையைப் பிடித்து, சூளையை இயக்குகிற பேனலில் வைப்பார். இந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், கேஸ் எப்போது கூட வேண்டும், காற்று எப்போது குறைய வேண்டும் என்பதெல்லாம் கை வழியாகத்தான். சூட்டை அவசரப்பட்டு ஏற்றினால் உள்ளே இருக்கும் கோப்பை எல்லாம் விரிசல் விட்டுவிடும். பொறுமையாக ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமையைக் கையில் ஏற்றிவிடுவார். அவர் கையைப் பிடித்து வைக்காமல் யாரும் பேனலைத் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

செல்வராசு கையை அவர் பிடிக்கவே இல்லை. அவன் பக்கத்தில் போய் நின்றால் முதுகைக் காட்டுவார். அவன் குனிந்து பார்த்தால் பேனல் கதவைச் சாத்துவார். காலையில் சைக்கிள் ஸ்டாண்டில் எல்லாருக்கும் சிகரெட் வரும், அவனைத் தாண்டிப் போகும். மாமனார் அந்நேரம் மண் கொட்டகைக்குப் போய்விட்டிருந்தாலும் அப்படித்தான்.

ஒருநாள் மத்தியானம் கிளேஸ் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். "யக்கா, பழைய சூளைய இடிச்சிட்டாங்க. புதுசுல என்னைத் தொட வுட மாட்டேங்கறாரு. நான் எதுக்கு வரேன் இங்க? லோடு ஏத்தவா?"

"நீ சிகரெட்ட வாங்கல தம்பி. அதான் அவருக்குக் கோவம்."

"மாமா நின்னாருக்கா!"

"எனக்குத் தெரியுது. அவருக்கு எப்படித் தெரியும்? மாமா இல்லாத நேரமாப் பாத்து நீயா ஒண்ணு குடு. சரியாப் போயிடும்" என்றேன்.

குடு என்றுதான் சொன்னேன். எப்படி என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்! அன்று சாயங்காலமே கொடுத்துவிட்டான். சூளை ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பீடியை இரண்டு பேர் இழுப்பார்கள். பற்ற வைத்தவன் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் பாதியை நீட்டுவான். வாங்கி இழுப்பவன் அவனுக்குக் கூடப் பிறந்தவன் மாதிரி. எல்லாருக்கும் அப்படிக் கொடுத்துவிட மாட்டார்கள். செல்வராசு கடைக்குப் போய், பீடி மரியாதையாக இருக்காது என்று நல்ல சிகரெட்டாக ஒன்று லூஸில் வாங்கினான். பற்ற வைத்தான். நன்றாகக் கனியும்படி இழுத்தான். சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக நின்றிருந்த லின் மாஸ்டரிடம் போய், வாயிலிருந்து எடுத்து, வாயெல்லாம் பல்லாக, பாதிச் சிகரெட்டை நீட்டினான்.

நான் கேட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லின் மாஸ்டர் அந்த ஈரப் பஞ்சைப் பார்த்தார். செல்வராசு முகத்தைப் பார்த்தார். நேராகக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். தொடாத கையை எதற்குக் கழுவினார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

"அடப்பாவி, எச்ச சிகரெட்டையா குடுப்ப?" என்றேன்.

"என்னாக்கா இப்புடி சொல்றீங்க? எங்கூடப் பொறந்தவனுக்குக்கூட நான் குடுத்ததில்ல. இவருக்குக் குடுத்தேன்!" அவன் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் லின் மாஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு சந்தானம் சார் அறைக்குப் போய்ப் போனை மேசைமேல் வைத்துப் பேசினார். போன் அதன் கோர்ட் தமிழில் சொன்னது: "இந்த நபர் என்னை மதிக்கவில்லை. இந்த நபருக்கு நெருப்பைக் கொடுக்க இயலாது. தயவுசெய்து வேறு நபர்." சார் கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை தப்பு யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை. லின் மாஸ்டர் போன பின்பு, "மேரி, சூளை நிக்கக் கூடாது. வெளியேருந்து டிப்ளமா படிச்ச ஆளு ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். திங்கக்கெழமை வந்துடுவாரு. செல்வராசுவை லோடிங்குக்கு மாத்திடலாம்" என்றார்.

"சார், அவன் சூளைக்காரன் சார். லோடிங்குனா எப்படி?"

"எனக்கு மட்டும் ஆசையா மேரி? அந்தாளு போறதுக்குள்ள யாராவது ஒருத்தரு கத்துக்கணும். திங்கக்கெழமைக்குள்ள நீ சரி பண்ணா பண்ணு."

சரி பண்ணுகிறேன் என்று நானும் கிளம்பினேன். லின் மாஸ்டரை உட்கார வைத்துப் போனில் பேசினேன். அன்றைக்கு நின்றவர் அவனுடைய மனைவிக்கு அப்பா, அதனால்தான் அவன் வாங்கவில்லை என்றேன். அவர் கேட்டுவிட்டு இன்னும் கோபமானார். போன் சொன்னது: "மனைவியின் தந்தைக்குத்தான் மருமகன் முதலில் சிகரெட் வழங்க வேண்டும். அவர் வழங்கவில்லை. அவருக்கும் மரியாதை இல்லை, எனக்கும் மரியாதை இல்லை." அவர்கள் ஊரில் மாமனார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை சிகரெட்டும் சாராயமும் எடுத்துக்கொண்டுதான் போவானாம். மாமனாருக்குத் தன் கையால் பற்ற வைப்பானாம். மறைப்பதுதான் எங்களுக்கு மரியாதை என்று நான் சொல்லச் சொல்ல, போன் என்னத்தைச் சொல்லித் தொலைத்ததோ, "மறைப்பவன் திருடன்" என்று பதில் வந்தது. தலையில் அடித்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

கலியமூர்த்தி அண்ணனிடம் போனேன். அவருக்கு ஒரு விவரமும் தெரியாது. மண் கொட்டகையில் மம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார்.

"எம் மாப்ள எம் முன்னாடி கை நீட்டல. அதுல என்னாம்மா தப்பு?"

"தப்பே இல்லண்ணே. ஆனா திங்கக்கெழமைலேருந்து அவரை லோடிங்குக்கு மாத்தறாங்க."

"என் பொண்ணு ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

"அவளுக்கே தெரியாது. சொல்ல மாட்டாரு உங்க மாப்ள."

"சூளைக்காரன்னுதாம்மா குடுத்தேன்" என்றார். மம்மட்டியைச் சுவரில் சாய்த்தார். "நான் வாங்கிக்கச் சொன்னா வாங்குவாரா?"

"நீங்க சொன்னாலும் நீங்க பாக்கறப்ப வாங்க மாட்டாரு."

"அதான" என்றார். அவருக்கு அதில் பெருமையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. முகத்தில் இரண்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை. டிப்ளமா படித்த புது ஆள் டைம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் வழக்கம்போலக் கூட்டம். சந்தானம் சாரும் வந்திருந்தார். செல்வராசு கடைசியில், சைக்கிள்களுக்கு நடுவில் நின்றிருந்தான். லோடிங்குக்குப் போக வேண்டும் என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது. லின் மாஸ்டர் பாக்கெட்டை எடுத்து உதறினார். சார் நெஞ்சில் கை வைத்தார். அடுத்து கலியமூர்த்தி அண்ணன்.

அண்ணன் வாங்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். நேராகப் போய் மருமகனின் மணிக்கட்டைப் பிடித்தார். கல்யாணத்தில் தாரை வார்த்தபோது பிடித்ததற்கு அப்புறம் அவர் அவனைத் தொட்டதை நான் பார்த்ததில்லை. இழுத்துக்கொண்டு வந்து லின் மாஸ்டர் எதிரில் நிறுத்தினார். செல்வராசு கை இரண்டும் பழையபடி முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"மாப்ள, நான் பாக்கல" என்றார் அண்ணன்.

சொல்லிவிட்டுத் திரும்பினார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு உண்டு. அதற்குப் பக்கத்தில் போய், தகரத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

அப்போது சந்தானம் சார் ஒரு காரியம் செய்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பி, போகிற லாரிகளைப் பார்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து வயசான ஆள்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள். நானும் திரும்பினேன். ஆனால் கழுத்தை மட்டும் கொஞ்சம் ஒடித்து வைத்துக்கொண்டேன். பார்க்காமல் எப்படி இருப்பது?

செல்வராசுவின் கைகள் முன்னால் வந்தன. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று.

லின் மாஸ்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்து நின்ற முதுகைப் பார்த்தார். மறுபடியும் கைகளைப் பார்த்தார். போன் அவர் பையிலேயே இருந்தது. "ஓ" என்று நீளமாக ஒரு சத்தம் மட்டும் அவரிடமிருந்து வந்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். செல்வராசு இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கியதும் பழக்க தோஷத்தில், கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. லின் மாஸ்டர் குனிந்து பற்ற வைத்தார். அவன் அவர் கைமேல் விரலால் தட்டினான். சிகரெட் தன்னைத் தாண்டித் தாண்டிப் போன அத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"ஆச்சா மாப்ள?" என்றார் அண்ணன் தகரத்தைப் பார்த்தபடி.

வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டு மாமனாருக்கு எப்படிப் பதில் சொல்வது? செல்வராசு திருதிருவென்று என்னைப் பார்த்தான். "இன்னும் இல்லண்ணே, நில்லுங்க" என்று நான்தான் சொன்னேன்.

அப்போது லின் மாஸ்டர் தகரத் தடுப்பை நோக்கி நடந்தார். அண்ணனுக்குப் பக்கத்தில் போய், தோளோடு தோளாக, அவரும் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா மேரி, இவரு ஏன் இங்க வந்து நிக்கறாரு?" என்றார்.

"நீங்க நிக்கறீங்கல்ல, அதுக்குத்தான்" என்றேன்.

செல்வராசு அவசர அவசரமாக இழுத்து முடித்து, கீழே போட்டுக் காலால் தேய்த்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் லின் மாஸ்டர் திரும்பினார். நேராக அவனிடம் வந்து தோளில் கை போட்டு, கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கொட்டகைக் கதவு பெரிது, நாங்கள் நின்ற இடத்திலிருந்தே பேனல் தெரியும். அவன் வலது கையைப் பிடித்தார். திருகின்மேல் வைத்தார். தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினார். சந்தானம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு டைம் ஆபீஸுக்குப் போனார், வந்த ஆளிடம் பேசி அனுப்ப.

அண்ணன் இன்னும் தகரத்தைப் பார்த்துத்தான் நின்றிருந்தார்.

"ஆச்சாம்மா?" என்றார்.

"ஆச்சுண்ணே. உங்க மாப்ள பேனல்ல கை வெச்சுட்டாரு. திரும்புங்க."

அவர் உடனே திரும்பவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் திரும்பினார்.